வானத்து மணிக்கூடு

"ஒரு செக்கன் நூற்றைம்பது ரூபா, தம்பி! முப்பது செக்கன் விளம்பரத்துக்கு நாலாயிரத்தைந்நூறு வாங்கிறன். இப்ப சொல்லும், உம்மட மெசின் எத்தினை செக்கனைத் திண்டு போட்டுது?"

பாலசுந்தரத்தார் காலத்தைக்கூட முழம் போட்டுத்தான் பார்ப்பார். வெள்ளவத்தையில் புடவைக் கடை நடத்தி, அதை மகனிடம் விட்டுவிட்டு, அதே கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் வானொலி தொடங்கியவர். கடையை விட்டாரே தவிர முழக்கோலை விடவில்லை.

"மெசின்ல பிழை இல்ல முதலாளி," என்றான் கொட்டாஞ்சேனையிலிருந்து அந்த நேரம் காட்டும் மெசினைத் திருத்த வந்திருந்த ஜொனாதன். "மொட்டை மாடியில இருக்கிற அன்டெனாவுக்கு சாட்டலைட் சிக்னல் விழல்ல. சிவப்பு லைட் எரியுது, பாருங்க. அது இல்லாட்டி கம்பியூட்டர் மணிக்கூடு தன்பாட்டுக்கு ஓடும்."

"ஓடும் ஓடும்! நேற்று மரண அறிவித்தல் முடிய முன்னமே விளம்பரம் பாஞ்சிட்டுது. 'அன்னார் இறைவனடி சேர்ந்தார்' எண்ட கையோட 'புத்துணர்ச்சியா எழும்புங்கோ' எண்டு சவர்க்காரப் பாட்டு! செத்த வீட்டுக்காரர் போனில என்ர தோலை உரிச்சுப்போட்டினம். நீர் வாறது இது ஏழாவது தரம், தெரியுமோ?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அறிவிப்பாளர் உஷாந்தி சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

முப்பத்தெட்டு வயதுவரை ஊராருடைய கதையை எல்லாம் உருகி உருகி வாசித்தவளுக்கு, தன் கதையைக் கேட்க ஒரு நேயர் அகப்படவில்லை. ஜொனாதன் வந்த பிறகுதான் மாலை நேரங்களில் மொட்டை மாடி என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரிந்தது. வெள்ளைக் காளான் போன்ற அந்த அன்டெனாவுக்குப் பக்கத்தில் நின்று அவன் கதைப்பான். "மேல எங்கயோ மணிக்கூடுகள் சுத்திக்கிட்டே இருக்கு, மிஸ். அங்க இருந்து நேரம் மழை மாதிரி விழுது. சத்தமே இல்ல. நாம ஒரு சின்னக் கிண்ணத்த வச்சு ஏந்துறோம், அவ்வளவுதான்." அதைக் கேட்ட இரவுகளில், உறக்கத்திலும் அவள் தலைமயிரில் நேரம் தூறிக்கொண்டிருக்கும்.

"இண்டையோட கடைசி," என்றார் பாலசுந்தரத்தார். "சரிவந்தா நல்லம். வராட்டி மெசினைக் கழட்டிக்கொண்டு போம். இன்டர்நெட்டில நேரம் சும்மா கிடைக்குதாம், மகன் சொல்றான்."

உஷாந்தி மனதுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தாள். சரிவந்தால் அவன் வரத் தேவையில்லை. வராவிட்டால் அவன் வர வழியில்லை. எந்தப் பக்கம் பேரம் பேசினாலும் நட்டம் அவளுக்குத்தான்.

"வாரும் மேல, தம்பி. இண்டைக்கு நானே பாக்கிறன்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ, உங்கட முழங்கால் முதலாளி! லிஃப்ட் இதோட முடிஞ்சுது."

"முழங்கால் கிடக்கட்டும் பிள்ளை. நீர் அறிவித்தலை வாசியும்."

ஒலிவாங்கி விளக்கு எரிந்துவிட்டது. அன்று மாலை காலமானவர்கள் அத்தனை பேரும், பாவம், ஓடி ஓடித்தான் இறைவனடி சேர்ந்தார்கள். கடைசிப் பெயரை வாசித்து, பாட்டொன்றைத் தட்டிவிட்டு, அவள் இரண்டிரண்டு படியாக மேலே பாய்ந்தாள்.

மேலே கடல் முழுவதும் மஞ்சள் கரைத்து விட்டது போலிருந்தது. கரையோர ரயிலொன்று கனவில் போவதுபோல் போனது. அன்டெனாவின் முன்னே ஜொனாதன் குந்தியிருந்தான். அவன் காலடியில் ஓர் அலுமினியச் சட்டி. மூச்சு வாங்க அப்போதுதான் மேலே வந்து சேர்ந்திருந்தார் பாலசுந்தரத்தார்.

"இது எங்கட தேத்தண்ணிச் சட்டியெல்லோ? இஞ்ச என்ன செய்யுது?"

அன்டெனாவின் மேல் அதைக் கவிழ்த்து வைத்தவள் உஷாந்திதான். மற்ற நாட்களில் அவன் வருகிறான் என்றதும் ஓடிவந்து எடுத்துவிடுவாள். இன்று அறிவித்தல் மறித்துவிட்டது.

"கடல் உப்பு முதலாளி," என்றான் ஜொனாதன், நிமிராமலே. "கழுவுறதுக்குத் தண்ணி கொண்டாந்தேன்."

முதலாளியின் தொலைபேசி அடித்தது; கீழே கலையகத்திலிருந்து. "என்ன, பச்சை லைட் வந்திட்டுதோ?" காதிலிருந்து எடுத்தார். "பச்சையோ சிவப்போ, தம்பி, நாளையில இருந்து இன்டர்நெட்தான். ஏழு தரம் எண்டால் ஏழு தரம். கதை முடிஞ்சுது." முழங்காலைத் திட்டிக்கொண்டே படியிறங்கிப் போனார்.

காற்று மட்டும் மிஞ்சியது.

"சட்டியைக் கவிட்டது நான்தான்," என்றாள் அவள்.

"தெரியும் மிஸ். புழுதியில வட்டமா அடையாளம் விழுந்திருக்கும். யாரும் பாக்க முந்தி நான்தான் காலால அழிப்பேன்."

"பிறகேன் சொல்லேல்ல?"

அவன் திருகுசாவியைக் கையில் எடுத்தான். அவள் விரலை மடக்கினாள். அவளும் வியாபாரக் குடும்பத்துப் பிள்ளைதான்.

"பொறுங்கோ. இண்டையோட சேத்து நான் மூண்டு தரம்தான் கவிட்டனான். முதலாளி ஏழு எண்டெல்லோ சொல்றார்? மிச்சம்?"

ஜொனாதன் கடலைப் பார்த்தான். பிறகு அன்டெனா வயரின் திருகைப் பிடித்து, சாவியால் கடைசிச் சுற்றுவரை இறுக்கினான். இத்தனை மாதத்தில் அவன் அதை அப்படி இறுக்கி அவள் பார்த்ததேயில்லை.

"முதல் நாள் பூட்டுறப்பவே," என்றான் மெதுவாக, "உங்கட குரலைக் கேட்டுட்டு, அரைச் சுத்து குறைச்சுத்தான் விட்டேன்."

சட்டி மூன்று, திருகு நான்கு. அவள் பக்கம் இன்னும் ஒன்று பாக்கி.