பாஸ்கலின் முஷ்டி

ராயபுரத்துச் சந்தில், ஜாக்கியில் தூக்கி நிறுத்திய காரின் பின்சக்கரத்தடியில் பாஸ்கல் மல்லாந்து கிடக்கிறார். நாளைக் காலை மகள் சில்வியா மணப்பெண்ணாகக் கோயிலுக்குப் போகவேண்டிய கார். பிரேக்கை மிதித்தால் பஞ்சு மெத்தையாய் அமுங்குகிறது. உள்ளே மனைவி ஐரீன் பெடலை மிதிக்க, அடியில் இவர் திருகைத் திறந்து, காற்று கலந்த பழைய பிரேக் ஆயிலை வெளியேற்றுகிறார். திருகை மூடும்வரை அவள் காலை எடுத்தால் காற்று உள்ளே போய்விடும். எடுத்துவிடுகிறாள். குழாயில் மறுபடியும் குமிழி. "இன்னாமே, அதுக்குள்ள காலை எடுத்துட்டே?" "யோவ், நீ வாயத் தொறந்து சொன்னாத்தானே!" "அதான் முஷ்டிய மடக்கிக் காட்டிகினே கீறேனே!" முப்பத்தைந்து வருஷம் துறைமுகத்தில் கிரேனுக்குச் சைகை காட்டிய கை, அது 'அப்படியே நில்' என்று மடங்கினால் கப்பலே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். காருக்கடியில் யார் பார்ப்பது? ஐரீன் பக்கக் கண்ணாடியைக் கீழே திருப்புகிறாள். காருக்கடியிலிருந்து வெளியே நீண்டு மாலை வெயிலில் எண்ணெய் மினுங்கும் முஷ்டி கண்ணாடி நிறைய வருகிறது. அது மடங்கியிருக்கும்வரை அவள் கால் அசையவில்லை, விரிந்ததும் எழுகிறது. குமிழி நின்று, புது ஆயில் தேனாய் இறங்குகிறது. பெடல் கருங்கல்லாகிவிட்டது, இப்போது மிதித்தால் ராயபுரமே நிற்கும். ஐரீன் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, சரக்கு பத்திரமாக இறங்கியதென்று கட்டைவிரலை உயர்த்துகிறாள். பாஸ்கலின் நெஞ்சு விம்முகிற விம்மலில் கார் ஜாக்கியைவிட்டு இன்னும் ஓர் அங்குலம் உயர்கிறது.