அறுபதாம் கல்யாணப் பேச்சுவார்த்தை

கதவுக்குப் பின்னாலிருந்து துரைக்கண்ணுவின் குரல் மூன்றாவது முறையாக வந்தது.

“கத்தி இருக்கு. யாராச்சும் உள்ள வந்தா ஒரு உசிரு போயிடும், சார்.”

சப்-இன்ஸ்பெக்டர் அரவிந்தன் உள்ளங்கையைக் கர்சீப்பில் துடைத்துக்கொண்டார்.

பணயக்கைதிகளைப் பேசி மீட்பது எப்படி என்று சென்னையில் மூன்று நாள் பயிற்சி. மாவட்டத்திலிருந்து போனவர் அவர் ஒருவர்தான். மற்றவர்களுக்கு அந்த வாரம் தேர் பந்தோபஸ்து. வங்கிக் கொள்ளையன், விமானக் கடத்தல்காரன் எல்லோரைப் பற்றியும் வகுப்பு எடுத்தார்கள். திருக்கடையூர் மண்டபத்தில் அறுபதாம் கல்யாண மாப்பிள்ளை, பெண்டாட்டியோடு அறைக்குள் தாழ் போட்டுக்கொண்டால் என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லை.

காய் நறுக்கும் கத்திகளில் பெரியது காணோம் என்றார் சமையல்காரர்.

நன்னிலத்திலிருந்து இரண்டு வேனில் வந்திறங்கிய சொந்தபந்தம் வராந்தாவை அடைத்து நின்றது. இப்படி ஒரு நேரத்தில் டிபன் சாப்பிடலாமா என்று விவாதம். விவாதம் முடிவதற்குள் இரண்டாம் பந்தி முடிந்துவிட்டது.

முகூர்த்தம் பத்தரையோடு சரி. மணி பத்து ஐந்து.

“ஐயா, என்ன வேணும்னு சொல்லுங்க. பேசிக்கலாம்.”

உள்ளே மௌனம். அரவிந்தன் மனதுக்குள் நொடிகளை எண்ணினார். பதினொன்று.

“ஹோமத்த அணைக்கச் சொல்லுங்க.”

அணைத்தார்கள். சாஸ்திரிகள் புகையில் இருமினார்.

“அணைச்சாச்சுங்கய்யா. அப்புறம்?”

பதினான்கு.

“மறுபடி தாலி கட்டுற பேச்சே இருக்கக் கூடாது.”

“சுகர் ஏறியிருக்கும்,” என்றார் வராந்தாவில் ஒரு சித்தப்பா.

ஒவ்வொரு பதிலுக்கு முன்னாலும் அந்த மௌனம் வந்தது. ஆள் யோசிக்கிறான் என்றால் நல்ல அறிகுறி, யோசிக்கிறவன் குத்தமாட்டான் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். சொன்னவர் யாரிடமும் குத்துப்பட்டதாகத் தெரியவில்லை.

உள்ளே இருக்கும் ராஜாத்தி அம்மாள் உயிரோடு இருக்கிறாரா என்று உறுதி செய்வது அடுத்த பாடம். காலையிலிருந்து அவர் குரலே கேட்கவில்லை.

மகள் வானதியைக் கேட்டார்.

“அம்மா குரல் என்னைக்கு சார் வெளியில கேட்டுச்சு? யாரு என்ன கேட்டாலும் அப்பாதான் பதில் சொல்லுவாரு.”

அரவிந்தன் கதவில் காதை வைத்தார்.

“ஐயா, அம்மாவ ஒரே ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்க.”

இந்த முறை எண்ணிக்கை முப்பதைத் தாண்டியது.

“அவ பேசமாட்டா, சார்.”

குரல் உடைந்திருந்தது.

வானதி சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். வராந்தா ஓரத்தில் நின்றிருந்த இன்ஸ்பெக்டர், உடைக்கலாம் என்று தலையை அசைத்தார். இரண்டு கான்ஸ்டபிள்கள் தோளால் இடித்தார்கள். மூன்றாவது இடியில் தாழ்ப்பாள் பெயர்ந்தது.

அறை நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் துரைக்கண்ணு, கழுத்தில் மாலையோடு. கைகள் இரண்டும் பின்னால் அங்கவஸ்திரத்தால் கட்டப்பட்டிருந்தன.

நாற்காலிக்குப் பின்னால் கூறைப்புடவையில் ராஜாத்தி அம்மாள். கத்தி அவர் கையில், மாலைக்கு இரண்டு விரல் மேலே, துளியும் நடுங்காமல்.

யாரும் அசையவில்லை.

படித்த பாடம் எல்லாம் அரவிந்தனுக்கு மறந்துபோயிற்று. ஊர்ப் பழக்கம் மட்டும் மிச்சம் இருந்தது. அவர் துரைக்கண்ணுவைப் பார்த்துக் கேட்டார்.

“ஐயா, அவங்களுக்கு என்ன வேணுமாம்?”

ராஜாத்தி அம்மாள் குனிந்து, கணவரின் காதருகே வாயைக் கொண்டுபோனார்.

“முப்பத்தாறு வருஷம் போதுமாம், சார்.”