கைக்குட்டை கட்டிய டார்ச்

"டார்ச்ச இன்னும் தாழப் பிடிடா. காவக்காரன் கண்ணுல பட்டுடப் போவுது" என்றான் வேடியப்பன்.

நண்பன் மாறன் டார்ச்சின் கண்ணாடிமேல் கைக்குட்டையைக் கட்டியிருந்தான். அந்த மங்கல் வெளிச்சத்துக்கே ஏரியின் கெண்டை மீன்கள், தீபாராதனைக்கு வந்த கூட்டம் மாதிரி முண்டியடித்துக்கொண்டு கரையோரம் வந்து நின்றன.

"மாட்டுனா என்னடா ஆவும்?" என்று கேட்டான் மாறன்.

"உனக்கென்ன, ரெண்டு திட்டோட போயிடும். என்னை கஸ்தூரி வீட்டுக்குள்ளயே சேர்க்க மாட்டா."

வேடியப்பன் வலையை வீசியதும் மதகுப் பக்கமிருந்து ஒரு பெரிய வெளிச்சம் நேராக அவன் முகத்தில் விழுந்தது. இருவரும் ஓடவில்லை. ஓடினால் வலையை விட்டுவிட்டு ஓட வேண்டியிருக்கும்.

போன வாரம்தான் வேலைக்குச் சேர்ந்த காவல்காரர் இராமலிங்கம் நிதானமாக நடந்து வந்தார்.

"ஐயா, ஆளு யாருனு தெரியாம பிடிக்கிறீங்க" என்றான் மாறன். "இந்த ஏரியக் குத்தகைக்கு எடுத்தவனே இவன்தான். கார்த்திகை தீபம் முடியற வரைக்கும் மீனத் தொட மாட்டேன்னு பொண்டாட்டி தலைமேல கை வெச்சி சத்தியம் பண்ணிட்டான். அதான் சொந்த ஏரியில திருட வந்திருக்கோம்."

இராமலிங்கம் வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார்.

"தெரியும்ங்க. என்னை வேலைக்கு வெச்சதே கஸ்தூரியம்மாதான். திருடன் பார்க்க எப்படி இருப்பான்னு கேட்டேன். கல்யாண போட்டோவ எடுத்துக் காட்டுனாங்க."