நாணலுக்குள் ஒரு குரல்

"இன்னும் ரெண்டே நிமிஷம் இருந்து பாரேன், டீகன் கண்ணு!" நகராட்சிக்காகத் தவளைக் கணக்கெடுக்க வந்த பெண்ணிடம் நோரீன் கெஞ்சினாள்.

"மூணு வருஷமா பார்த்தாச்சே, நோரீன். இன்னிக்கும் தவளைச் சத்தம் கேக்கலைன்னா, இந்த ஆழமில்லாத ஓரத்தை நகராட்சியில வெட்டிடுவாங்க. குளத்தை ஆழமாக்கினா மழைத்தண்ணி இன்னும் கொஞ்சம் நிக்குமாம்."

மெல்பர்னின் அந்தப் புறநகர்த் தெருக்களில் விழும் மழையெல்லாம் வந்து சேரும் குளம் அது. ஓய்வு பெறுமுன் நோரீன் நகராட்சிக்கு வரைந்து கொடுத்த கடைசி வரைபடம். முழங்காலளவு தண்ணீர் நிற்க அகலமான ஓரம், அதில் நாணல். தவளைகளுக்காகவே அடம்பிடித்து வாங்கியது.

வீடுகள் வருமுன் இங்கே வெறும் சதுப்பு நிலம். கல்யாணமான புதிதில் அவளும் கணவன் டெஸ்ஸும் காரை ஓரங்கட்டி, வறுத்த மீனைக் காகிதத்தோடு மடியில் வைத்துத் தின்றபடி தவளைக் கச்சேரி கேட்பார்கள். ஒரு தவளை 'டொங்க்' என்றதும், "பாரேன், கம்பியைச் சுண்டுறான்!" என்பான் டெஸ். அவன் போய் ஒன்பது வருஷம். தவளைகள் போய் இன்னும் அதிகம்.

டீகன் போனில் இருந்த தவளைக் குரல் பதிவை மறுபடி ஓடவிட்டாள். நிஜத் தவளை இருந்தால் பதில் கொடுக்கும்.

நாணலுக்குள்ளிருந்து, 'டொங்க்!'

"கேட்டீங்களா!" டீகன் நோரீனைக் கட்டிக்கொண்டாள். "உங்களுக்காக வாரம் பூரா வேண்டிக்கிட்டேன், தெரியுமா?" கண்ணைத் துடைத்துக்கொண்டே படிவத்தை எடுத்தாள்.

நோரீன் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்தப் பிள்ளையையா ஏமாற்றுவது?

"எழுதாதேம்மா. அது தவளை இல்ல. பக்கத்து வீட்டு மெர்வ். நான்தான் நாணலுக்குள்ள ஒளிஞ்சு கத்தச் சொன்னேன்."

டீகனின் பேனா நின்றது.

"நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாமே?"

"இருந்திருக்கலாம். ஞாயித்துக்கிழமை எந்த மூஞ்சியோட கோயிலுக்குப் போவேன்? குளம் போனா போகட்டும்."

டீகன் படிவத்தை மடித்தாள்.

அப்போது சாலையில் ஒரு வண்டி கிறீச்சிட்டு நின்றது. மங்கிய வெளிச்சத்தில் மெர்வுடைய குரல் மூச்சிரைக்கக் கேட்டது:

"நோரீன்! வழியில டயர் பஞ்சர், இப்பத்தான் வந்து சேர்றேன். அந்தப் பொண்ணு வர்றதுக்குள்ள நாணலுக்குள்ள போயிடட்டுமா?"