மையவாடியின் எல்லை

கட்டாரிலிருந்து வந்த பர்ஹான், பள்ளிவாசலின் பழைய காணி உறுதியைக் கையில் வைத்திருந்தான். உம்மா மௌத்தானபோது அவனால் வர முடியவில்லை. அவவின் கபுறடியிலாவது ஒரு துஆ ஓத வேண்டும்.

“எல்லைய வாசி,” என்றார் ராத்தாவின் கணவர் பக்கீர்.

“மேற்கே பள்ளி வளவு. கிழக்கே காரைதீவுச் சாமித்தம்பியின் தென்னந்தோட்டம். மேற்படி சாமித்தம்பி மையவாடிக்கென மனமுவந்து தந்த காணி.” பர்ஹான் நிமிர்ந்தான். “இது தமிழாக்கள் தந்த காணியா மச்சான்?”

“ஓம். கொள்ளைநோய்க் காலத்தில நம்மட ஆக்கள அடக்க இடமில்லாம நிண்டிருக்காங்க. அந்தாள்தான் தோட்டத்தில பாதியப் பிரிச்சுக் குடுத்தாராம்.”

“மிச்சப் பாதி?”

“அதுதான் முதல்ல போனது. பொறகு நம்மட மையவாடி.”

பர்ஹான் உறுதியை மடித்தான். பக்கீர் பள்ளி மினாராவையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பின்னால் தண்ணீர்த் தாங்கி மெல்ல மறைந்தது.

“ரெண்டும் நேருக்கு வந்திட்டு. உம்மாட கபுறு இந்த இடந்தான்.”

பர்ஹான் ஸலாம் சொன்னான். கையேந்தித் துஆ ஓதி முடித்தான்.

பிறகு பக்கீர் எஞ்சினை நிறுத்தினார். அலை இருவரையும் தூக்கித் தூக்கிப் போட்டது.

“தோணி இழுபடுது. நங்கூரத்தப் போடட்டா?”

“வேணா மச்சான். கீழ உம்மா.”