ஒரு பிடி பிசிபேளேபாத்

"பன்னியெல்லாம் உள்ளே விட முடியாதும்மா!" என்று கேட்டை இழுத்துச் சாத்தினார் வாட்ச்மேன் பழனிச்சாமி.

காக்ஸ் டவுன் அபார்ட்மென்ட் வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கிய தமயந்தியின் கையில், பழைய டவலில் சுற்றிய பன்றிக்குட்டி ஒன்று துவண்டு கிடந்தது. இந்த அபார்ட்மென்ட் மிச்சச் சோற்றை வாங்கிப் போய், ஹொசக்கோட்டைப் பக்கம் பன்றி வளர்ப்பவள் அவள்.

"நேத்து உங்க அசோசியேஷன் விழா பிசிபேளேபாத்தைத் தின்னதுலேர்ந்து குட்டிங்களுக்கெல்லாம் பேதிண்ணா. ரெண்டு செத்தே போச்சு. குடல்ல ஏதோ பாக்டீரியாவாம். அந்தச் சோத்துல ஒரு பிடி கொண்டா, டெஸ்ட் பண்ணாதான் சரியான மருந்து குடுக்க முடியும்ங்கிறாரு டாக்டர்."

"நீ எப்பவும் வேகவெச்சுத்தானே போடுவே?"

"பெரிய மனுஷங்க விசேஷச் சோறாச்சே, சுத்தமா இருக்கும்னு நம்பி அப்படியே போட்டுட்டேன்."

பழனிச்சாமிக்குச் சுர்ரென்றது.

"சும்மா குடுக்கிற சோத்துக்குக் கம்ப்ளெயிண்ட் வேறயா? உன் பன்னிக்கு இன்னா, ஏசி ரூம்ல பஃபே வெக்கணுமா?"

அவர் கவலை அவருக்கு. இன்று மதியம் வேலையாட்களுக்கெல்லாம் அசோசியேஷன் சாப்பாடு. அதை நம்பி டிபன் பாக்ஸ்கூட எடுத்து வரவில்லை. இந்த நேரம் பார்த்து இவள் எதையாவது கிளப்பி, செக்ரட்டரியின் மூடு மாறித் தொலைத்தால்?

தமயந்தி நகர்வதாக இல்லை. வேறு வழியில்லாமல், வருகிறவர்களைப் பதிகிற கேட் ஆப்பைத் திறந்து, செக்ரட்டரி வீட்டு நம்பரைப் போட்டு, பன்றிக்குட்டியைப் படம் எடுத்தார். டெலிவரியா, கேபா, கெஸ்ட்டா என்று கேட்டது ஆப். கெஸ்ட்டை அமுக்கினார். முகம் தெளிவாக இல்லை என்றது. டவலை விலக்கி மறுபடி எடுத்தார்.

தன்னைப் பார்க்க வந்திருக்கும் விருந்தாளியை போனில் பார்த்த செக்ரட்டரி பார்கவி, அடுத்த லிஃப்டில் இறங்கி ஓடி வந்தாள்.

வேலை போச்சு என்று நினைத்தார் பழனிச்சாமி. பார்கவியோ குட்டியைப் பார்த்ததும் உருகிவிட்டாள்.

"அய்யோ, கண்ணு எப்படிச் சொருகுது பாரேன்! வாயில்லா ஜீவனுக்குப் போய் மிச்சச் சோத்தைப் போடலாமா? கொடுமை இல்லையா இது? இனிமே ஒரு பருக்கைகூடப் பன்றிகளுக்குப் போகாது. இப்பவே குரூப்ல போட்டுடறேன்!"

"அதெல்லாம் அப்புறம் மேடம். இப்ப டெஸ்ட்டுக்கு ஒரு பிடி மட்டும்..."

"அடடா, அண்டாவே காலியாச்சேம்மா. காலையிலேயே கழுவிக் கவுத்தாச்சு."

தமயந்தி குட்டியை அணைத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி ஆட்டோவில் ஏறினாள்.

பன்றிக்கே இப்படி இரங்குகிற அம்மா, நமக்கு என்னதான் செய்ய மாட்டார் என்று நெகிழ்ந்துபோய் நின்றார் பழனிச்சாமி.

அதற்குள் கிளப் ஹவுஸ் வாசலில் பேனர் ஏறியிருந்தது: 'உழைக்கும் கரங்களுக்கு எங்கள் அன்பு விருந்து'. பார்கவி நீட்டிய முதல் பொட்டலம் அவருக்குத்தான்.

"பிரிச்சுக் காட்டுங்க பழனிச்சாமி. அப்படியே கேமராவைப் பார்த்துச் சிரிங்க."

பிரித்தார். சிரிப்பு வரவில்லை.

"என்னங்க இது, சும்மா குடுக்கிற சோத்துக்கு மூஞ்சியைச் சுளிக்கிறீங்க?" என்றாள் பார்கவி.

பழனிச்சாமி பொட்டலத்தை அப்படியே மூடினார். ரோட்டில் அப்போதுதான் திரும்பிக்கொண்டிருந்த ஆட்டோவைப் பார்த்து ஓடினார்.

"தங்கச்சி, ஆட்டோவை நிறுத்து! டாக்டர் கேட்ட சாம்பிள் கிடைச்சிடுச்சு!"