குசினிக் காட்சி

தேவகி தாலியைக் கழற்றி மாமியாரின் காலடியில் எறிந்தது சரியா பிழையா என்று வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாளாக அடிபாடு. எட்டு வருடமாக ஓடும் சீரியலுக்காக டென்மார்க் முழுவதிலும் நாற்பது பெண்கள் ஒருவரையொருவர் கிழித்துக்கொண்டிருந்தார்கள். சரி என்ற கட்சியில் சில்க்போர்க் நகரத்து யசிந்தாதான் பெரிய வாய்.

வேலையால் பிந்துகிறவர்களுக்காகக் கதையைக் குரல்பதிவில் சொல்வது புரொண்பி புஷ்பராணி அக்காவின் பொறுப்பு. இன்று யசிந்தா முதியோர் இல்ல வேலையால் வந்து, நீல யூனிபோமைக்கூட மாற்றாமல், எபிசோடை முழுதாகப் பார்த்துவிட்டுத்தான் அக்காவின் பதிவைக் கேட்டாள். பற்றிக்கொண்டு வந்தது. ஆளில்லாத வீட்டில், குசினியில் அடுப்பருகே தேநீரும் கையுமாக நின்றபடியே அக்காவுக்குப் போன் எடுத்தாள்.

"அக்கா, இல்லாத சீனை ஏன் சொல்லுறியள்? இண்டைக்குக் குசினியே காட்டேல்லை!"

"என்ரை கண் என்ன பொட்டையோ? புதுசா ஒருத்தி. நீல யூனிபோம். மஞ்சள் திரைச்சீலை, கையிலை பிடி உடைஞ்ச கோப்பை. போனிலை ஆரோடையோ கத்துறாள்."

புஷ்பராணி அக்கா ஒருநாளும் இந்த வீட்டுக்கு வந்ததில்லை. யசிந்தா கோப்பையைப் பார்த்தாள். அதற்குப் பிடி இல்லை. தன் ஜன்னலில் தொங்கிய மஞ்சள் திரைச்சீலையை அவள் பார்க்கவில்லை.

"பிறகு?" என்றாள்.

"பிறகென்ன, பின்னாலை ஒரு மனிசி வந்து நிக்கிறாள். எனக்கெண்டா விசர்க் கோவம்தான் வந்தது. அந்த மொக்கு திரும்பிப் பாக்கிறாளேயில்லை!"